கருவாடு நீந்திய கடல்

எழுபதுகளில், வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. படம் வரைகிற கிறுக்கும் கூடவே இருந்தது.

எங்கள் வேதக்கோயிலில் அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் வீட்டில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். பூசணிக்காய், வாழைத்தார், சேவல். என் வீட்டில் விளைந்தது நான் ஒருவன்தான். ஆகவே பிள்ளைகளுக்கு ஒரு சித்திரக்கதைப் புத்தகம் வரைந்து கொண்டுபோனேன். ஏலத்தில் யாரும் கேட்காத பொருள் கொண்டுவந்தவனிடமே திரும்பிவிடும். முந்தின வருடம் ஒருவருக்குப் பலாப்பழம் திரும்பியது. அதற்குப் பிறகு அவர் பெயரே பலாப்பழம்தான்.

என் கதை கடலுக்கடியில் நடந்தது. அங்கேயும் ஒரு தேயிலைத் தோட்டம். நண்டு கங்காணி, பக்கவாட்டில் நடப்பதால் யாரைத் திட்டக் கிளம்பினாலும் வேறு ஆளிடம் போய் நிற்கும். ஆக்டோபஸ் ஏழு கையால் கொழுந்து கிள்ளும், எட்டாவது கையால் முதுகு சொறியும். மழை வந்ததும் எல்லாரும் நனையாமல் இருக்க ஓடுவார்கள், கடலுக்கடியில்! கூடை சுமந்தது மீன்கள்.

ஏலம் விட்டவர் கோயிலில் ஜெபமும் பிரசங்கமும் நடத்தும் உபதேசியார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர். புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார்.

"தம்பி, இந்த மீனெல்லாம் ஏன் வயித்தப் பொளந்து விரிச்சிக் கெடக்கு?"

"கடல் மீனு அப்பிடித்தான அய்யா இருக்கும்?"

"நீரு எங்க பாத்தீரு?"

"சந்தையில."

"அது கருவாடுல்லா! கீறி, உப்புப் போட்டு, காயவச்சதல்லா நீரு நீந்த விட்டிருக்கீரு!"

கோயிலே சிரித்தது. பெரியாற்று மீன் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கடல் மீன் வேறு சாதி, ஆயுசு முழுக்க உப்புத் தண்ணீரில் கிடந்தால் விறைத்து விரியாமல் என்ன செய்யும் என்று நானே ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

இப்போது நரைத்த மீசையைத் தடவிக்கொண்டு வீரம் பேசுகிறேன். அன்று ஓடிப்போய் வாழைத்தாருக்குப் பின்னால் ஒளிந்தேன். அதை ஏலத்தில் எடுத்தவர் அந்த நேரம் பார்த்துத் தூக்கிக்கொண்டு போனார். முக்காடு விலகியவன்போல் குந்தியிருந்தேன். சாகும்வரை என் பெயர் கருவாடு என்று காதில் கேட்டது.

"அய்யா, அடுத்த பக்கம்!" என்று முன்வரிசையில் ஒரு சிறுமி கத்தினாள்.

உபதேசியார் பக்கத்தைத் திருப்பி வாசித்தார். நண்டு வந்தது, பாயில் இருந்த பிள்ளைகள் உருண்டார்கள். மழை வந்தது, வாசிக்க முடியாமல் அவரே குலுங்கினார். தோட்டத்து வீட்டு வரிசைகளில் மேல் லயத்துக்காரர் ஒருவர் விலை கேட்டார். அவ்வளவுதான், கீழ் லயத்துப் பிள்ளைகள் அப்பன்மார் வேட்டியைப் பிடித்து இழுத்தார்கள்.

"யப்பா, கேளுப்பா! மேல் லயத்துக்காரங்க கொண்டு போயிருவாங்க!"

"வாங்கி என்னளா செய்யப் போற? கொழம்பா வைக்கப் போற?"

ஆனாலும் அந்த அப்பன் விலை கேட்டார். மேல் லயம் ஏற்றியது, கீழ் லயம் அதற்கும் மேலே ஏற்றியது. நான் மெல்ல எழுந்தேன். விலை பூசணியைத் தாண்டியது, வேட்டியை இறுக்கிக் கட்டினேன். சேவலைத் தாண்டியபோது கூட்டத்தின் நடுவே வந்து நின்று, எனக்கு எல்லாம் முன்பே தெரியும் என்பதுபோல் தலையாட்டினேன். கடைசியில் கீழ் லயத்தார் கூட்டாகச் சேர்ந்து எடுத்தார்கள்.

கோயில் வாசலில் புல்தரையில் புத்தகத்தைச் சுற்றிப் பிள்ளைகள் மொய்த்தார்கள். உபதேசியார் என் தோளில் கை வைத்தார்.

"தம்பி, நான் ஒரு நெசமான மீனு வரைஞ்சு தாரேன். அதப் பாத்து மாத்திரும்."

"மாத்தக் கூடாது!" என்று அந்தச் சிறுமி புத்தகத்தின் மேலேயே குப்புறப் படுத்துவிட்டாள்.

நான் மீசையை முறுக்கினேன். "கேட்டீங்களா அய்யா? எங்க கடல்ல மீனு இப்பிடித்தான்."