மன்னார் வீதியில் நின்ற கார்

நான் வேலை செய்யும் நிலையத்துக்கு டென்மார்க்கிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தபோது அவருக்கு மொழிபெயர்ப்பாளராக என்னைப் போட்டார்கள். ஐம்பதைத் தாண்டியவர். காலை இழந்தவர்களையும் விழுந்து எலும்பு முறிந்தவர்களையும் திரும்ப நடக்கப் பழக்குவது அவருடைய தொழில். நெளுக்குளத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார். நிலையம் கொடுத்த சின்னக் காரைத் தானே ஓட்டினார். காலையில் என்னை எங்கள் வீட்டு வாசல் படலையடியில் ஏற்றிக்கொள்வார். பிறகு நோயாளிகளின் ஊர்களுக்குப் போவோம்.

வீதியைப் பற்றி அவர் பேசாத நாளில்லை. ஹெல்மெட்டை முழங்கையில் கொழுவிக்கொண்டு போகிறவர்கள், மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கி மேல் இருந்தபடி வரும் குழந்தைகள், பாதி வீதியை மறித்துக் காயவிட்ட நெல், பொழுதுபட்டால் தார் சூட்டுக்கு வந்து படுக்கும் மாடுகள் என்று ஒவ்வொன்றையும் கேட்பார். நான் பிறந்ததிலிருந்து பார்ப்பவை. அவர் கேட்கும்போதுதான் நானும் புதிதாகத் திரும்பிப் பார்ப்பேன்.

"எங்கள் நாட்டில் லைற் அடித்துக் காட்டினால் நீ முதலில் போ என்று அர்த்தம். இங்கே நான் வருகிறேன், நீ விலகு என்று அர்த்தம். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஒரு லொறிதான் சொல்லித் தந்தது" என்று ஒருநாள் சொன்னார். இரண்டுபேரும் சிரித்தோம்.

ஆனால் அவர் ஓட்டும்போது பக்கத்தில் இருப்பது எனக்குச் சிரிப்பாக இருந்ததில்லை. சட்டம் சொன்ன வேகத்துக்கு மேல் ஒருபோதும் போகமாட்டார். பின்னால் ஹோர்ன் சத்தம் விடாமல் கேட்கும். மோட்டார் சைக்கிள்காரர் என் பக்கமாக நுழைந்து வந்து, கண்ணாடிக்குக் குனிந்து, "அக்கா, வெள்ளைக்காரிக்கு ஓடப் பழக்குங்கோ!" என்று கத்திவிட்டுப் போவார்கள். "என்ன சொல்கிறார்?" என்று அவர் கேட்பார். நான் எதையாவது சொல்லி மழுப்புவேன். பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, அவருடைய ஒழுங்குக்கும் எங்கள் ஆட்களின் அவசரத்துக்கும் நடுவில் இறுகிப்போய் இருந்த ஞாபகம்தான் அந்த நாட்களைப் பற்றி எனக்கு அதிகம்.

மல்லாவியில் பல வருடங்களாகக் குழாய்க்கிணறு அடிக்கும் வெளிநாட்டுப் பொறியியலாளர் ஒருவர் சில ஞாயிறுகளில் அவரது வீட்டுக்குச் சாப்பிட வருவார். ஒருமுறை நானும் இருந்தேன். பாதசாரிக் கடவையில் நிற்பது பற்றிப் பேச்சு வந்தது.

"முதலில் பின்கண்ணாடியைப் பார். பின்னால் பஸ் வந்தால் நிற்காதே. நீ நின்றாலும் அவன் நிற்கமாட்டான்" என்றார் பொறியியலாளர்.

"ஒரு மனுஷி வீதியோரம் நிற்கிறாள். நான் பார்த்துக்கொண்டே போவதா?"

"ஓம்" என்று அவர் தமிழிலேயே சொன்னார்.

"நீ இங்கே அதிக காலம் இருந்துவிட்டாய்" என்று சொல்லிவிட்டு எழுந்து குசினிக்குப் போய்விட்டார் டென்மார்க்காரர்.

அது நடந்தது பாடசாலை விடுமுறைக் காலம். பூவரசங்குளத்தில் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல வெயில். பாடசாலைக்கு முன்னாலிருக்கும் மஞ்சள் கோட்டுக் கடவையில், எங்கள் பக்கத்துக் கரையில், ஒரு பெண் சோற்றுப் பையோடு நின்றார். இவர் காரை மெதுவாக்கி நிறுத்தினார். அந்தப் பெண் வரவில்லை. எங்களைப் பார்த்தபடியே நின்றார். இவர் சிரித்துக்கொண்டு கையை அசைத்து, வாருங்கள் என்று காட்டினார். அந்தப் பெண்ணும் சிரித்தார். தலையைக் குனிந்துகொண்டு எங்கள் காருக்கு முன்னால் நடந்தார். காரைக் கடந்து நடு வீதிக்கு அவர் காலெடுத்து வைக்கவும், பின்னால் வந்த பஸ் எங்களுக்கு வலப்பக்கத்தால் முந்திக்கொண்டு வரவும் சரியாக இருந்தது.

சத்தம் பெரிதாக இல்லை. சோறு மட்டும் எங்கள் கண்ணாடியில் வந்து தெறித்தது.

பஸ் கொஞ்சத் தூரம் போய் நின்றது. சாரதி இறங்கி ஓடினார். அடிக்குப் பயந்து நேரே பொலிசுக்குப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. கடைகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர்கள் கண்டது கோட்டில் நின்ற காரையும் அதற்குப் பக்கத்தில் கிடந்த பெண்ணையும்தான். காரைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். பொனற்றில் யாரோ கையால் அடித்தார். என் பக்கத்துக் கதவைத் திறக்க முடியாதபடி உடம்புகள் நெருக்கின. இவர் வெளியே இறங்கி அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று கதவைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"நான் உதவி செய்ய வேண்டும் என்று சொல். எனக்கு இது தெரியும் என்று சொல்!"

நான் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிக் கத்தினேன். "அண்ணை, நாங்கள் அடிக்கேல்லை. பஸ்தான் அடிச்சது. இவா வைத்தியம் தெரிஞ்ச ஆள், இறங்க விடுங்கோ!"

"நடு றோட்டில ஏன் நிப்பாட்டினவா? அதைக் கேளுங்கோ முதல்!"

"வெள்ளைக்காரியின்ர சட்டம் இஞ்சை சரிவராது எண்டு சொல்லுங்கோ!"

"என்ன சொல்கிறார்கள்?" என்று அவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். ஏன் நிறுத்தினாய் என்று கேட்கிறார்கள் என்றேன். அவர் தோளை விட்டுவிட்டார்.

ஒருவழியாக இருவரும் இறங்கினோம். அந்தப் பெண்ணுக்கு நினைவிருந்தது. வலது தொடை முறிந்திருந்தது. இவர் தரையில் முழங்காலில் இருந்து, காலை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு, அம்புலன்ஸ் வரும்வரை அந்த வெயிலில் அப்படியே இருந்தார்.

அதற்குப் பிறகு அவர் காரைத் தொடவில்லை. ஓட்டோவில் ஒருநாள் வந்தார். கண்ணை மூடிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். அடுத்த நாள் வரவில்லை. நோயாளிகளின் அறிக்கைகளை வீட்டிலிருந்தே எழுதுகிறேன் என்றார். நான் தினமும் அவரது வீட்டுக்குப் போனேன். கேற்றைப் பூட்டி, யன்னலையும் சாத்தி வைத்திருப்பார். ஆனாலும் மன்னார் வீதியின் ஹோர்ன் சத்தம் வரவேற்பறைக்குள் வரும். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் தலை நிமிரும். அந்த அறையில் காற்றாடிக்குக் கீழே அவருக்கு எதிரில் இருக்கும்போது எனக்கும் மூச்சு முட்டும். எழுந்து போகவும் மனம் வராது.

"நின்றாலும் பிழை. நிற்காவிட்டாலும் பிழை. இந்த வீதியில் எனக்கு என்ன இடம்?" என்று ஒருநாள் கேட்டார். ஊருக்குத் திரும்பிப் போகலாமே என்றேன். பஸ் சாரதி மேலுள்ள வழக்கு முடியாமல் போகமாட்டேன் என்றார். அவர்தான் முக்கிய சாட்சி. வழக்கோ ஒவ்வொரு தவணையிலும் தள்ளிப்போனது.

அந்தப் பெண் வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு நான்தான் போய்ச் சொன்னேன். மறுநாள் டென்மார்க்காரர் தன் பயிற்சிச் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கேற்றடியில் நின்றார். "பஸ்ஸில் போவோம்" என்றார்.

அதே பாதையில் ஓடும் பஸ்தான். "உள்ளுக்கை போங்கோ, உள்ளுக்கை இடமிருக்கு" என்று கண்டக்டர் எங்களை நடுவுக்குத் தள்ளிவிட்டார். அசைய இடமில்லை. பின்னால் இன்னொரு பஸ் வருவது தெரிந்ததும் எங்கள் சாரதி வேகத்தைக் கூட்டினார். பிடித்திருந்த கம்பியில் இவரது விரல்கள் வெளுத்துவிட்டன. முன்னால் நின்ற ஐயா ஒருவர், "விடாதை தம்பி, அவனை விடாதை" என்று சாரதிக்கு உற்சாகம் கொடுத்தார். வயதுபோன ஒரு அம்மா எங்களைப் பார்த்து, "இந்தப் பெடியன் எண்டால் நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டிடுவான், பயப்பிடாதேங்கோ" என்றார். நான் மொழிபெயர்த்தேன். "எல்லோரும் சேர்ந்துதான் ஓட்டுகிறார்கள்" என்றார் இவர்.

அந்தப் பெண்ணின் குடும்பம் மலையகத்திலிருந்து வந்து பூவரசங்குளத்தில் குடியேறிய குடும்பம். வீடு வீதிக்கு இந்தப் பக்கம். கச்சானும் உழுந்தும் போடும் தோட்டம் அந்தப் பக்கம். அன்று தோட்டத்தில் நின்ற கணவருக்குத்தான் சோறு கொண்டுபோயிருக்கிறார். கட்டிலில் காலை நீட்டியபடி இருந்தார். எங்களைக் கண்டதும் சேலையைச் சரிசெய்துகொண்டார். இவர் காலைத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினார். கொஞ்ச நேரம் பொறுத்து அந்தப் பெண் என்னிடம் சொன்னார்:

"மிஸ், அந்த அம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும். ஏன் எனக்குக் கையக் காட்டுனாங்க? நான் தெனமும் அந்த எடத்துல நிக்கிறவ. ஒருத்தரும் நிப்பாட்ட மாட்டாங்க. எல்லா வண்டியும் போனப்பொறகுதான் போவேன். ஒரு நாளும் ஒண்ணும் நடந்ததில்ல. அன்னைக்கு அவங்க கூப்பிட்டாங்கன்னுதான் போனேன்."

குரலில் கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஒரு சொல்லையும் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். இவரது கை அந்த முழங்காலில் அப்படியே நின்றது. பிறகு என்னைப் பார்க்காமல், தனக்குத் தெரிந்த தமிழில் அவருக்கே சொன்னார்: "நீங்கள் வெயில்ல நின்றீங்கள். நான் நல்லது என்று நினைச்சன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"ஐயோ, அழாதீங்கம்மா" என்று அந்தப் பெண் அவரது கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க பாத்தீங்க. அவன் பாக்கல."

அதன்பிறகு கிழமைக்கு இரண்டு தரம் பஸ்ஸில் போனோம். முதலில் கட்டிலில் பயிற்சி, பிறகு ஊன்றுகோலோடு முற்றத்தில், பிறகு படலை வரை. கால் நன்றாகத் தேறிவந்தது. ஆனால் வீதியோரம் வந்ததும் அவர் நின்றுவிடுவார். இரண்டு பக்கமும் நாங்கள் பிடித்தாலும் காலை வைக்கமாட்டார். ஒருநாள் லொறிக்காரர் ஒருவர் எங்களைக் கண்டு நிறுத்தி, போங்கோ என்று சைகை காட்டினார். மூவரும் அசையவில்லை. "அவர் நிப்பாட்டுறாரு. பின்னால வர்றவன் நிப்பாட்டுவானா?" என்றார் அந்தப் பெண். லொறிக்காரர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனார். தூரம்வரை ஒன்றும் இல்லாத ஒரு நேரத்தில், மூவரும் கைகோத்துக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடிக் கடந்தோம். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பெண் தோட்டத்து வேலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வழக்கு இன்னும் முடியவில்லை. டென்மார்க்காரர் ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டு நெளுக்குளத்திலேயே இருக்கிறார். யன்னல்களைத் திறந்துவிட்டார். ஆனால் காரை நிலையத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கே போனாலும் நாங்கள் பஸ்ஸில்தான் போகிறோம்.

அந்தப் பெண் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார். விடியற்காலையில் வீதி வெறுமையாக இருக்கும்போது தோட்டத்துக்குப் போய்விடுகிறார். மத்தியானத்தில் வேலை முடிந்துவிடும். அப்போது மன்னார் பஸ்களும் மணல் ஏற்றும் ரிப்பர் லொறிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் நேரம். பின்னேரம் அது தணியும்வரை தோட்டத்து வேலியோரம் வேப்பமரத்தின் கீழே உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து பார்த்தால் அவரது வீடும், முற்றத்தில் காயும் உடுப்பும், திறந்து கிடக்கும் படலையும் நன்றாகத் தெரியும்.