கொடியை அமுக்கினால் பாஷை

கம்ப்யூட்டர் கேம் சென்டர் வைத்தால் என்னென்ன தொல்லை வரும் என்று யோசித்துத்தான் இறங்கினேன். கரண்டு போகும், மவுஸ் உடையும், வருகிறவன்களுக்குள் அடிதடி நடக்கும். வெள்ளைக்காரன் கொடி வந்து குறுக்கே நிற்கும் என்று எவன் கண்டான்?

தொண்ணூறுகளின் கடைசி அது. காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டின் முன்கூடத்தை வாடகைக்குப் பிடித்து நாலு கம்ப்யூட்டர் போட்டிருந்தேன். அதற்கு முன்னால் கல்லலில் மாமனாரின் அரிசி மில்லில் உட்கார்ந்திருந்தேன். மூட்டை ஏற்றுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் அவர் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். என் வீட்டுக்காரி கறாராகச் சொல்லியிருந்தாள்: "இதுவும் ஓடலைன்னா பேசாம எங்க அப்பா மில்லுக்கே போயிருங்க." செத்தாலும் அந்த மில்லில் கால் வைப்பதில்லை என்றிருந்தேன்.

வீட்டின் சொந்தக்காரர் கதர்ச்சட்டைக்காரர். வாலிபத்தில் மலேயாவில் ஜப்பான்காரனோடு சேர்ந்து வெள்ளைக்காரனை எதிர்த்துத் துப்பாக்கி பிடித்து, பிடிபட்டுச் சிறையிலும் கிடந்தவர். கடை திறந்த அன்றைக்கே பின்னால் வந்து நின்றுகொண்டார். நான் மச்சினன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய கார் ரேஸ் சிடியைப் போட்டேன். ஆட்டம் தொடங்குமுன் எந்தப் பாஷை வேண்டும் என்று கேட்கும். வார்த்தையில் கேட்டால் பரவாயில்லை. வரிசையாக நாட்டுக் கொடிகளைக் காட்டும். இங்கிலீஷ் வேண்டுமென்றால் இங்கிலாந்துக் கொடியை அமுக்க வேண்டும். அமுக்கினேன்.

"என் வீட்டுல அந்தக் கொடி ஏறக்கூடாது தம்பி" என்றார்.

"ஐயா, இது பாஷைக்குத்தான். கொடி சும்மா ஒரு படம்."

"படமா இருந்தா என்ன? ஏத்துனது நீதானே?" என்றவர், குனிந்து பார்த்து ஜப்பான் கொடியில் விரல் வைத்தார். "இதை அமுக்கு. நம்ம ஆளுக."

அமுக்காவிட்டால் இடத்தைக் காலி பண்ணச் சொல்லுவார். அமுக்கினேன். அதற்கப்புறம் திரையில் கோழி கிளறின மாதிரி எழுத்து. வந்தவன்கள் பிரேக் என்று நினைத்து அமுக்கினால் ஆட்டமே மூடிக்கொண்டது. புது வண்டி எடுக்கப் போனவன் இருந்த வண்டியையும் தொலைத்தான். ஒரு வாரத்தில் கூட்டம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த இன்னொரு கடைக்குப் போய்விட்டது. கனவில்கூட மாமனார் பெருமூச்சு விட்டார்.

நோண்டிப் பார்த்ததில், அந்தக் கொடிகளெல்லாம் தனித்தனிப் படங்களாக ஒரு ஃபோல்டரில் இருந்தன. இங்கிலாந்துக் கொடியை, கம்ப்யூட்டரில் படம் வரைகிற பெயிண்ட் புரோகிராமில் திறந்து, அதன்மேல் நம்ம மூவர்ணக் கொடியை வரைந்துவிட்டேன். சக்கரத்துக்கு இடம் பத்தவில்லை, ஒரு நீலப் பொட்டு வைத்தேன். இனி இந்தியக் கொடியை அமுக்கினால் இங்கிலீஷ். எனக்கே என் மூளையை நினைத்துக் கர்வமாக இருந்தது.

ஐயா பார்த்தார். விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். பிறகு நாற்காலியில் இருந்தவனைப் பார்த்து, "எந்திரி" என்றார்.

அன்றிலிருந்து ஆட்டம் தொடங்கும்போதெல்லாம் அத்தனை பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நிற்க வேண்டும். ஒருத்தன் ரேஸில் மூன்றாவது ரவுண்டில் இருப்பான், பக்கத்துக் கம்ப்யூட்டரில் எவனாவது புதிதாகத் தொடங்குவான், இவனும் எழுந்து நிற்பான், வண்டி போய்ச் சுவரில் மோதும். அதையும் பொறுத்துக்கொண்டார்கள், பாவம். சல்யூட் அடிப்பதில் ஒரு தமாஷ் இருந்தது போல.

ஆனால் முதல் நாளே சாயங்காலம் ஆறு மணிக்கு ஐயா மறுபடி வந்தார். "பொழுது இறங்கிருச்சு. கொடியை இறக்கு."

"ஐயா, கூட்டம் வர்றதே இனிமேத்தான். ஆபீஸ், காலேஜ் எல்லாம் விட்டு இப்பத்தான் வருவாக."

"இருட்டுல கொடி பறக்கக்கூடாது."

"திரைக்குள்ள வெளிச்சம் இருக்கே ஐயா."

"பொழுது உள்ளயா இறங்குது, வெளியவா இறங்குது?" என்று கேட்டுவிட்டு மெயின் சுவிட்சை அணைத்தார்.

ஆறு மணிக்கு மூடுகிற கடை என்ன கடை? அடுத்த நாளும் அணைத்தார், அதற்கடுத்த நாளும். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. காலையில் வந்து, ஒரு கொடி விடாமல் அத்தனையையும் அழித்தேன். வெறும் வெள்ளைக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் அந்தந்தப் பாஷையின் பெயரை மட்டும் எழுதினேன். எந்த நாடும் வேண்டாம், எவன் ராஜ்ஜியமும் வேண்டாம். காலி பண்ணச் சொன்னால் சொல்லட்டும், மில் இருக்கிறது, மூட்டை இருக்கிறது.

ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து, இங்கிலீஷ் என்று எழுதியிருந்த இடத்தில் நின்றார்.

"இதுதானா? இதை முதல்லயே எழுதிருக்க வேண்டியதுதானே" என்றார். "கொடிதான் ஆகாது தம்பி. பாஷை என்ன பண்ணுச்சு? சிறையில வெள்ளைக்காரன் மூஞ்சிக்கு நேரா நான் வஞ்சதெல்லாம் இங்கிலீஷ்லதான். தமிழ்ல வஞ்சா அவனுக்கு எப்படி விளங்கும்?"