ஆற்றங்கரையில் டபுள்ஸ்

ஓய்வு பெற்றவர்கள் காலையில் நடக்க வேண்டும் என்பது எழுதப்படாத அரசாணை. என் மருத்துவரும் அதையே சொன்னார். நான் மேல்முறையீடு செய்து, நடைக்குப் பதில் சைக்கிள் என்று திருத்தம் வாங்கினேன். விடிந்ததும் பெரியபாளையத்துக்குக் கிழக்கே ஆரணியாற்றின் கரைமேல் ஏறிவிட்டால், பிறகு யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை. வலப்பக்கம் மணலும் நாணலும். இடப்பக்கம் நெல்வயல். தொலைவில் கம்பெனிகளின் புகைபோக்கிகள். சங்கிலி ஓடும் சத்தம் மட்டும் கூடவே வரும். தாலுகா அலுவலகத்தில் ஆயுளின் பாதியை மனுக்களுக்கு நடுவே கழித்தவளுக்கு, இது ஓய்வூதியத்தைவிடப் பெரிய பலன்.

இந்தக் கரையில் நான் முதன்முதலில் போனது கேரியரில் உட்கார்ந்து. அப்போது ஆறாம் வகுப்பு. ஓட்டியவள் என் அத்தை, அதாவது நைனாவின் கடைசித் தங்கை.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போதுதான் ஒன்றிரண்டு கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்தன. ஊசிமருந்துக் குப்பி செய்யும் ஒரு கம்பெனிக்கு அத்தை மனுப் போட்டிருந்தாள். நேர்காணலுக்கு வரச்சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. நைனா அதை இரண்டு நாள் தன் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். மூன்றாம் நாள் தீர்ப்புச் சொன்னார். ஒரே ஒரு தடவை போகலாம். கிடைக்காவிட்டால் கம்பெனிப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டு, ஆவணியில் சத்தியவேட்டு மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அந்த மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, நைனாவைவிட மூத்தவராகத் தெரிந்தார். அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயமில்லை.

தனியாக அனுப்பக்கூடாது என்பதற்காக என்னையும் கூட அனுப்பினார்கள். நடப்பதையெல்லாம் பார்த்துவந்து சொல்லும்படி நைனா எனக்குத் தனியே உத்தரவிட்டிருந்தார். உளவு பார்க்க ஆள் எடுக்கும் முறை அன்றும் இன்றும் ஒன்றுதான்.

அது ஆடி மாதம், அம்மன் கோயில் கூட்டம் ஓயாத ஒரு திங்கட்கிழமை. பெரியபாளையத்திலிருந்து வந்த இரண்டு பேருந்துகளும் வேப்பிலையும் மொட்டைத் தலைகளுமாகப் பிதுங்கிக்கொண்டு எங்கள் நிறுத்தத்தில் நிற்காமலே போய்விட்டன. அத்தை கொஞ்ச நேரம் தூசியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நேராக எங்கள் ஊர் சுகாதார நிலையத்து நர்சம்மா வீட்டுக்குப் போய் அவருடைய லேடீஸ் சைக்கிளைக் கேட்டு வாங்கிவந்தாள். அது அரசாங்கச் சைக்கிள். அலுவல் சாராத பயணத்துக்கு அதை இரவல் கொடுக்க விதியில் இடமில்லை. நல்லவேளையாக நர்சம்மா விதிகளைப் படித்தவரில்லை.

நான் படித்தவள். சைக்கிளுக்குப் பஞ்சாயத்தில் கொடுக்கும் லைசென்ஸ் ரசீதின் பின்பக்கத்தைக்கூட விடாமல் படித்திருந்தேன்.

"டபுள்ஸ் போனா போலீசு புடிக்கும் அத்தே."

"அப்ப நீ பின்னால குந்திக்கினு காக்கி வருதான்னு பாரு. கண்டா குதிச்சிடு."

கும்மிடிப்பூண்டிச் சாலையில் ஓர் ஊர்ப் பிள்ளை எத்தனை காக்கியைப் பார்க்க முடியும் என்று அத்தை யோசிக்கவில்லை. முதலில் தபால்காரர் வந்தார். "காக்கி!" என்று கத்திக் குதித்தேன். அடுத்து மின்கம்பத்தின் உச்சியில் ஒருவர். அவர் கீழே இறங்கிவந்து எங்களைப் பிடிக்க அரைமணியாவது ஆகும். ஆனாலும் குதித்தேன். மூன்றாவது, டீக்கடையில் நின்ற ஒரு கண்டக்டர். ஒவ்வொரு தடவையும் அத்தை நிறுத்தி, என்னை ஏற்றி, புடவையை இடுப்பில் செருகி, மறுபடி மிதிக்க வேண்டியிருந்தது.

"அடியேய், அது கண்டக்டருடி! இன்னொரு தபா குதிச்சே, இங்கயே உட்டுட்டுப் போய்க்கினே இருப்பேன்."

அதனால் நிஜப் போலீஸ்காரர் வந்தபோது நான் குதிக்கவில்லை. புளியமரத்து நிழலில் நின்றிருந்தவர் கையை நீட்டிய பிறகுதான் இறங்கினேன். ஏட்டு. மீசை நரைத்தவர்.

"இன்னா, டபுள்ஸா?"

"இல்ல சார், பொண்ணு நடந்துதான் வருது" என்றாள் அத்தை.

அவர் என்னிடம் திரும்பினார். "எங்கருந்து நடந்து வர்றே?"

"ஊட்ல இருந்து சார்." ஊர்ப் பெயரையும் சொன்னேன். கேட்ட கேள்விக்கு முழுத் தகவல் தருவது அப்போதே என் வழக்கம்.

ஏட்டு குனிந்து என் காலைப் பார்த்தார். "அஞ்சு மைலு நடந்த காலா இது? கழுவி எடுத்தாப்பல கீது!"

அத்தை நேர்காணல் கடிதத்தை எடுத்து நீட்டினாள். அவர் அதை எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தார். தலையை நிமிர்த்திச் சூரியனைப் பார்த்தார். கைக்கடிகாரத்தையும் பார்த்தார்.

"தோ, அந்த மதகு தெரியுதா? அதோட என் ஸ்டேஷன் எல்லை முடிஞ்சிபூடும். அதுக்கு அந்தாண்ட நீ டபுள்ஸ் போ, ட்ரிபுள்ஸ் போ, எனக்கு இன்னா? அதுவரைக்கும் தள்ளிக்கினு போ."

பிற்காலத்தில் என் மேசைக்கு வந்த எத்தனையோ மனுக்களை "இந்த அலுவலக எல்லைக்கு உட்பட்டதல்ல" என்று திருப்பியிருக்கிறேன். அந்த வாக்கியத்தைக் கருணைக்கும் பயன்படுத்தலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மதகுவரை மிகுந்த மரியாதையோடு நடந்தோம். தாண்டியதும் பாய்ந்து ஏறினேன்.

அங்கிருந்து கரை. ஆடிக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் தோண்டிய ஊற்றுக்குழிகளில் மட்டும் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. எங்கோ ஒரு பம்புசெட் ஓடியது. கொக்குகள் எங்களைப் பொருட்படுத்தவில்லை. அவள் முதுகு வியர்வையில் நனைந்து, பின்பு காற்றில் காய்ந்து, மறுபடி நனைவதைப் பார்த்துக்கொண்டே போனேன்.

புதுவாயலில் பெரிய சாலை ஏறி, லாரிகளின் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கம்பெனி வாசலை அடைந்தபோது மணி பத்தேகால்.

"பத்து மணி லிஸ்ட்டு உள்ள போயிட்ச்சி" என்றார் வாட்ச்மேன். "லேட்டாய்ட்டா இன்னாம்மா பண்றது? ஊட்டுக்குப் போ."

அத்தை சைக்கிளின் கைப்பிடியை விடவில்லை. எனக்குச் சத்தியவேட்டு மாப்பிள்ளையின் முகம் தெரிந்தது. இனி ஆவணி மாதம் முழுக்க வீட்டில் அவர் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது. அந்தப் பயத்தில்தான் பேசினேன்.

"லெட்டர்ல 'காலை பத்து மணி முதல்'னுதானே போட்டுக்குது? 'வரை'ன்னு எங்க போட்டுக்குது?"

வாட்ச்மேன் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "யாரும்மா இது, ஒன் வக்கீலா?"

"அண்ணன் பொண்ணு" என்றாள் அத்தை.

அவர் கடிதத்தை வாங்கி 'முதல்' என்ற சொல்லில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். வெற்றுப் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். வாயிலில் நிற்பவருக்கு விதியில் சந்தேகம் வந்தால் செய்யக்கூடியது ஒன்றுதான். மேலிடத்தைக் கேட்க வேண்டும். அவர் உள்ளே போனார். திரும்பிவந்து கதவை ஓர் ஆள் நுழையும் அளவு திறந்தார்.

"நீ மட்டும் வாம்மா. வக்கீலு வெளியவே இருக்கட்டும்."

ஒரு மணிக்குத்தான் அத்தை வெளியே வந்தாள். முகத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. என்னை எதிர்க்கடைக்கு அழைத்துப்போய் ஒரு பன்னும் டீயும் வாங்கித் தந்தாள். நான் பாதி பன் தின்றபிறகுதான் சொன்னாள்.

"ஒண்ணாந்தேதியிலருந்து வரச் சொல்லிட்டாங்கடி."

கடைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அத்தை என் வாயைப் பொத்தினாள். பொத்திக்கொண்டே சிரித்தாள்.

திரும்பும்போது நாங்கள் பறந்துவந்திருக்க வேண்டும். இப்படி ஒரு சேதியைச் சுமந்துகொண்டு யாராவது மெதுவாகப் போவார்களா? ஆனால் கரை ஏறியதும் அத்தையின் மிதி தளர்ந்தது. ஓரிடத்தில் இறங்கியேவிட்டாள். என்னைக் கேரியரில் வைத்தபடியே தள்ளிக்கொண்டு நடந்தாள். மீன்கொத்தி ஒன்று ஊற்றுக்குழியில் பாய்வதைப் பார்க்க நின்றாள். செருப்பைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டினாள். யாரும் இல்லாத அந்தக் கரையில், எனக்குத் தெரியாத ஏதோ ஒரு பாட்டை வாய்க்குள் முணுமுணுத்தாள்.

"செயின் கழண்டுக்கிச்சா அத்தே?"

"இல்லியே."

"காத்து எறங்கிடுச்சா?"

"நல்லாத்தான் கீது."

"அப்ப ஏறி மிதியேன்."

"மிதிச்சா ஊடு சீக்கிரம் வந்துடும்டி" என்றாள்.

வீடு சீக்கிரம் வருவதில் என்ன கஷ்டம் என்று எனக்கு விளங்கவில்லை. வேலை கிடைத்த குஷியில் அத்தைக்குப் புத்தி கொஞ்சம் கலங்கிவிட்டது என்று முடிவு செய்தேன். உடனே கேரியரிலிருந்து இறங்கி, பின்னாலிருந்து என் பலத்தையெல்லாம் கொடுத்துச் சைக்கிளை வீட்டை நோக்கித் தள்ளத் தொடங்கினேன்.