இடப்பக்கத்து மூன்று முகங்கள்

ஆந்திரத்து நகரியில் நாங்கள் இருந்த தெருவில் வாய் என்பது சோறு தின்ன மட்டும்தான். விசைத்தறிக் கூடத்துக்குள் நுழைந்துவிட்டால் தோளோடு தோள் நிற்கிறவன் கத்துவதுகூடக் காதில் விழாது. அதனால் தறி ஓட்டுகிறவர்கள் முகத்தாலேயே பேசிக்கொள்வார்கள். இரண்டு புருவத்தையும் தூக்கினால் டீ வந்துவிட்டது என்று அர்த்தம். உதட்டைச் சுழித்தால் நூல் அறுந்துவிட்டது. ஒரு கன்னத்தை உப்பினால் முதலாளி வருகிறார். அவருக்குக் கன்னம் கொஞ்சம் பெரியது. இந்தப் பாஷையில் என் நைனாவை மிஞ்ச ஆள் கிடையாது. நான்காவது தறியில் நின்றபடியே முதல் தறிக்காரருக்கு ஒரு முழுக் கதையைச் சொல்லி முடித்துவிடுவார் என்று அம்மா சொல்வாள். அதைப் பெருமையாகச் சொன்னாளா, குறையாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வீட்டிலும் அவருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. குழம்பில் உப்பு கூடிவிட்டால் சொல்லமாட்டார். இடது கண்ணை மட்டும் மெதுவாக மூடித் திறப்பார். அம்மா பார்க்காதவள் போல இருந்துவிட்டு, நாலு வாய் கழித்து மோரை ஊற்றுவாள். தறிக்காரன் வீட்டில் வாய்ச்சொல்லை நம்பாவிட்டாலும் மூஞ்சி சொல்வதை நம்ப வேண்டும் என்பது அவள் கணக்கு.

இப்போது நான் ஹைதராபாத்தில் சிறுவர்களுக்கான கார்ட்டூன் தொடர்களுக்கு முகம் வரைகிறேன். நரி, யானை, குண்டுப் பையன், அவனுடைய அத்தை என்று யாராக இருந்தாலும் அவர்கள் கோபப்படுவதும் திகைப்பதும் என் கையில்தான் இருக்கிறது. எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்பவர்களிடம் டிவி பார்த்து என்பேன். பாதி உண்மை. எனக்கு அப்போது ஒன்பது வயது. எதிர்வீட்டு டிவியில் தெலுங்கில் பேசும் கார்ட்டூன்களைப் பார்ப்பேன். கதை எனக்கு வேண்டாம். பயந்தால் நெற்றியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தெறிப்பதையும், கோபம் வந்தால் காதிலிருந்து ஆவி வருவதையும் பார்த்து வந்து நோட்டின் ஓரத்தில் போட்டுவிடுவேன். தூங்குகிறவன் மூக்கிலிருந்து ஏன் இங்கிலீஷ் எழுத்து ஒன்று வரிசையாகக் கிளம்புகிறது என்று மட்டும் புரியவில்லை. புரியாமலே அதையும் போட்டேன். இந்த நோட்டில் பாடம் எங்கே இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் வீட்டுக்கு வந்து என்னை இரண்டு சாத்து சாத்திவிட்டு, அந்த நோட்டைத் தன் புடவைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

அந்த வருஷம் மாசி மாதத்தில் ஒரு காலை நைனா தறியில் நின்றிருந்தபோது அவர் வாயின் ஒரு பக்கம் கீழே இறங்கியது. எதிர்த்தறிக்காரர் அதை ஏதோ புது வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாராம். நைனா கீழே விழுந்த பிறகுதான் தறியை நிறுத்தினார்கள்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தார். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டிருந்தன. பேச்சு போய்விட்டது. என்ன சொல்ல நினைத்தாலும் "தா" என்ற ஒரே சத்தம்தான் வரும். தண்ணீருக்கும் தா, கொசுவுக்கும் தா. அதுகூடப் பெரிதில்லை, பேச்சில்லாமலே பிழைத்த மனிதர்தான். அவருடைய முகம் போய்விட்டதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. வலது பாதி தொங்கிவிட்டது. இடது பாதி, துணைக்கு ஆள் இல்லாமல் எதையும் செய்ய மனமில்லாத மாதிரி இருந்தது. அம்மா அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல் எழுந்து போவாள். தண்ணீரைக் கொண்டுவருவாள், விசிறியைக் கொண்டுவருவாள். அவர் இடது கையால் கட்டிலைத் தட்டுவார். பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நான் போன வருஷத்துக் காலண்டர் அட்டையை எடுத்தேன். சொம்பு மூடியை வைத்து ஆறு வட்டம் போட்டேன், மேலிருந்து கீழாக இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று. நைனாவின் முகத்தில் இல்லாததை அட்டையில் போட்டுக் கொடுத்துவிட்டால் அவர் தொட்டுக் காட்டலாம் என்பது என் யோசனை. நல்ல முகங்களை முதலில் போடவேண்டும் என்று தோன்றியது. எனவே இடது வரிசையில் சிரிப்பு, பசி, தூக்கம். வலது வரிசையில் வலி, கோபம், பயம். சிரிப்புக்குக் கண்ணை மூடி, வாயை அகலமாகத் திறந்துவைத்தேன். பசிக்கு நாக்கு. தூக்கத்துக்கு அந்த இங்கிலீஷ் எழுத்து. வலிக்கிற முகத்துக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். கண்ணாடி முன்னால் நின்று என் கையை நானே கிள்ளிப் பார்த்து, பல்லைக் கடித்த வாயும் நெறித்த புருவமும் இரண்டு சொட்டுக் கண்ணீருமாகப் போட்டேன். ஆறில் அழகான முகம் அதுதான்.

நைனா அட்டையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இடது கை விரல் எழுந்து, பசியின் மேல் போய் நின்றது. அம்மா அடுப்படிக்கு ஓடினாள். திரும்பி வரும்போது அழுதுகொண்டே வந்தாள்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் அந்த அட்டை பேசியது. பசி என்றால் சோறு, தூக்கம் என்றால் படுக்கை. எப்போதாவது சிரிப்பைத் தொடுவார், அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் நிற்காது. பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "பேச்சு போனா இன்னா, அதான் பொண்ணு கீது" என்றாள். ஒரு மாதமாகியும் நைனா வலது வரிசையை ஒரு தடவைகூடத் தொடவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம். பாடுபட்டுப் போட்ட முகமாயிற்றே. அம்மாவுக்கு அது நிம்மதி.

"சாமி புண்ணியம், மனுசனுக்கு ஒரு வலி இல்ல, கோவம் இல்ல" என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னாள்.

சோற்று விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. தட்டில் இடது பக்கத்துச் சோற்றை வழித்துத் தின்றுவிட்டு, வலது பக்கத்தை அப்படியே விட்டுவிடுவார்.

"இன்னாய்யா, பாதி துன்னுட்டு மீதிய யாருக்கு வச்சிக்கினு கீற?" என்று கேட்டபடி அம்மா தட்டைத் திருப்பி வைப்பாள். உடனே மீதியையும் தின்றுவிடுவார். விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்தோம். முன்பும் அப்படிப்பட்டவர்தானே.

பள்ளிக்கூட லீவு விட்ட முதல் வாரம். ஒரு நாள் காலையில் நைனா பசியைத் தொட்டார். அம்மா இட்லி கொண்டுவந்தால் வாயைத் திறக்கவில்லை. தூக்கத்தைத் தொட்டார். படுக்கவைத்தால் எழுந்துகொள்ளப் பார்த்தார். பிறகு சிரிக்கிற முகத்தைத் தொட்டார். தொட்டார் என்று சொல்லக்கூடாது, தட்டினார். விரல் நுனியால், விடாமல்.

"மா, நைனா சிரிக்கிறாரு. சும்மா வெளயாடிக்கினு கீறாரு" என்றேன்.

"படுத்துக்கினுகூட இந்த மனுசனுக்கு வெளயாட்டுதான்" என்றாள் அம்மா. அவளுக்கு அன்றைக்கு முதலாளி வீட்டு நூலைத் தறிக்கு வேண்டிய தார்க்குச்சிகளில் சுற்றிக் கொடுக்கவேண்டியிருந்தது. அட்டையையும் நைனாவையும் என்னிடம் விட்டுவிட்டு ராட்டையில் உட்கார்ந்தாள்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சிரிப்பைத் தட்டும்போதெல்லாம் நானும் வாயை அகலத் திறந்து சிரித்துக் காட்டினேன். கைதட்டினேன். அவர் என்னைப் பார்ப்பார், "தா" என்பார், மறுபடியும் தட்டுவார். அன்று முழுவதும் அப்படி, மறுநாளும் அப்படி. இடப்பக்கத்து மூன்று முகங்களில் வாய் திறந்து கத்துகிற மாதிரி இருந்தது அது ஒன்றுதான். இதை நான் இப்போது சொல்கிறேன். அப்போது, என் படத்தைப் பார்த்து ஒரு மனிதர் இரண்டு நாளாகச் சிரிக்கிறார் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அந்த இரண்டு நாளைப்போல நான் என் வேலையைப் பற்றிப் பெருமைப்பட்டது பிறகு எப்போதும் இல்லை.

மூன்றாம் நாள் காலை அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. வயிற்றைத் தொட்ட அம்மா கையை எடுத்துக்கொண்டாள். பலகை மாதிரி இருந்ததாம். துணி ஏற்றிப் போகும் முதலாளியின் வேனில் நைனாவைப் படுக்கவைத்துத் திருப்பதிக்குப் புறப்பட்டோம். அட்டையை மடியில் வைத்துக்கொண்டு நானும் போனேன். நைனா பேசவேண்டுமென்றால் அது வேண்டுமே.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் இளம் வயதுக்காரர். வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, வலிக்கிறது என்று முன்பே காட்டவில்லையா என்று தெலுங்கில் கேட்டார். நான் முந்திக்கொண்டு அட்டையை நீட்டி, இதில் எல்லாம் இருக்கிறது, வலியும் இருக்கிறது, நைனா அதைத் தொடவே இல்லை என்றேன்.

டாக்டர் அட்டையைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நைனாவின் முகத்துக்கு முன்னால் இடமிருந்து வலமாக நகர்த்தினார். நைனாவின் கண் பேனாவோடு மூக்கு வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது. மூக்குக்கு அந்தப் பக்கம் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, கையும் காலும் விழுந்த அன்றைக்கே பார்வையில் வலது பாதியும் போயிருக்கிறது என்றார். முதல் தடவை வீட்டுக்கு அனுப்பும்போது சொன்ன எத்தனையோ விஷயங்களில் இதுவும் இருந்திருக்கலாம். அம்மா மாத்திரை வேளைகளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள்.

பிறகு அவர் அட்டையை அப்படியே நைனாவின் இடது பக்கமாகத் தள்ளிப் பிடித்தார். நைனாவின் விரல் எழுந்தது. தேடவே இல்லை. நேராக வலிக்கிற முகத்தின் மேல் போய் அழுந்தி நின்றது.

என் முதல் நினைப்பை வெட்கத்தோடுதான் சொல்கிறேன். கடைசியில் அந்த முகத்தையும் நைனா பார்த்துவிட்டாரே என்று சந்தோஷப்பட்டேன்.

அம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "தட்டத் திருப்பி வச்சேன் சார். தெனம் திருப்பி வச்சேன். இதத் திருப்பல" என்றாள்.

வயிற்றுக்குள் புண் ஒன்று ஓட்டையாகியிருந்தது. அறுத்துத் தைத்தார்கள். அதன்பிறகு நான்கு நாள்தான் நைனா இருந்தார். அந்த ஆஸ்பத்திரி நாட்களில் நடந்தது பலதும் எனக்கு மறந்துவிட்டது. மறக்காமல் இருப்பது, முதல் நாள் அவரை ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போவதற்கு முன்னால் டாக்டர் எழுதிக்கொண்டே கேட்ட கேள்வியும் அதற்குப் பிறகு நடந்ததும்தான்.

"என்னி ரோஜுல நுஞ்சி?" என்றார். எத்தனை நாளாக என்று.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்து, "காலைலேர்ந்துதான் சார்" என்றாள்.

அம்மாவுக்குக் கணக்கு தப்புகிறது என்று நினைத்தேன். டாக்டரிடம் தப்பாகச் சொன்னால் தப்பான மருந்து கொடுத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். "இல்ல சார், ரெண்டு நாளா சிரிச்சிக்கினே இருந்தாரு. நான்தான் கூடவே இருந்தேன்" என்றேன்.

டாக்டரின் பேனா நின்றது. அம்மா சட்டென்று என்னை இழுத்து, என் முகத்தைத் தன் வயிற்றோடு வைத்து முந்தானையால் மூடினாள். மூச்சு முட்டியது. நூல் வாசனை அடித்தது. அவள் வயிறு குலுங்கிக்கொண்டே இருந்தது. நைனாவை ஏற்றிய தள்ளுவண்டியின் சக்கரங்கள் போகும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் ஓய்கிற வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசியதற்குத்தான் அம்மா என்னை அடக்கினாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் பிடி தளர்ந்ததும் நிமிர்ந்து பார்த்து, "இனிமே பேசமாட்டேம்மா" என்றேன்.