சரிவுக்குக் கீழே தங்கை வீடு

பதுளை நகரை ஒட்டிய மலைச்சரிவில் கடைகளும் அலுவலகங்களும் அடுக்குமாடி வீடுகளும் சேர்ந்த பெரிய கட்டடத் தொகுதி ஒன்று வரவிருந்தது. அதனால் சுற்றாடலுக்கு என்ன பாதிப்பு என்று ஆராய வந்த குழுவுக்கு நான் மொழிபெயர்ப்பாளர். அவர்கள் சிங்களத்தில் கேட்பதைத் தேயிலைத் தோட்டத்து மக்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். சரிவுக்கு நேர் கீழே தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருந்த லயத்தில்தான் என் தங்கை வாழ்க்கைப்பட்டிருந்தாள். முதல் நாளே குழுத்தலைவியிடம் அதைச் சொன்னேன். "பரவாயில்லை, யார் பேச்சையும் மாற்றாமல் சொன்னால் போதும்" என்றார்.

ஐப்பசி மாதம். மண்ணைச் சோதிக்கத் துளையிட்டிருந்த இடத்தைப் பார்க்க மேலே ஏறியிருந்தோம். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கொட்டகையில் ஒதுங்கி நின்றபோது வெளியே உலை கொதிப்பது போல ஒரு சத்தம். துளையிலிருந்து சேற்றுத் தண்ணீர் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. மண் பொறியியலாளரின் முகம் வெளிறியது. எல்லோரும் பக்கவாட்டில் பாதைக்குப் போங்கள், யாரும் கீழே இறங்க வேண்டாம் என்றார்.

நான் கீழேதான் ஓடினேன். தேயிலைச் செடிகளின் வாதுகள் காலைக் கிழித்தன. முன்பு மீரியபெத்தை மண்சரிவில் ஆட்களோடு புதைந்துபோன லயங்கள்தான் கண்ணுக்குள் நின்றன. ஒவ்வோர் அடிக்கும் முதுகுக்குப் பின்னால் மலை இறங்கி வருவதாகவே பட்டது.

"மலை வருது! எல்லாரும் ஓடுங்க!"

தங்கை வாசலுக்கு வந்தாள். "என்னாக்கா, ஏன் இப்படிக் கத்துற?"

"புள்ளயத் தூக்கிக்கிட்டு வாடி!"

"அடுப்புல சோறு..."

"சோறு கெடக்கட்டும், வா!"

லயமே கிளம்பி ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்த பாடசாலைக்குப் போனது. ஈரத்துணியோடு மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். இடி இடிக்கும்போதெல்லாம் யாராவது அலறினார்கள். மாலையில் மழை விட்டது. மலை அப்படியே நின்றது.

"ஒன்னும் வரலயேம்மா" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

சில வாரங்கள் கழித்து மக்கள் கருத்தைக் கேட்கக் கூட்டம் போட்டார்கள். கட்டட நிறுவனத்தின் சார்பில் வந்தவர் சிரித்துக்கொண்டே, "அன்றைக்கு யாரோ பயந்து ஊரையே கிளப்பினார்கள். என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை" என்றார். அதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன். குரல்தான் உடைந்தது.

பின்வரிசையில் தங்கை எழுந்தாள். அதற்கு முன் அவள் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை.

"ஒன்னும் நடக்கலதான். ஆனா அன்னையிலருந்து மழ பேஞ்சா புள்ளைக்குக் காலுல சப்பாத்து மாட்டிவிட்டுத்தான் தூங்க வைக்கிறேன். அதயும் எழுதிக்கச் சொல்லுக்கா."

சொன்னேன். குழுத்தலைவி எழுதிக்கொண்டார்.

திட்டத்துக்கு அப்படியே அனுமதி கிடைக்கவில்லை. முதலில் சரிவில் வடிகால் கட்ட வேண்டும், மேல் பகுதிக் கட்டடங்களைக் கைவிட வேண்டும், பிறகு மறுபடி ஆராயலாம் என்றார்கள். லயத்து மக்களுக்கு வேறிடத்தில் காணி தருவதாகவும் பேச்சு. வடிகாலும் வரவில்லை, காணியும் வரவில்லை.

மழை இருட்டினால் தங்கைக்குப் போன் எடுப்பேன். நேற்று மணி அடித்தும் அவள் பேசவில்லை. திரும்பத் திரும்ப எடுத்துவிட்டுக் குடையைக்கூட மறந்து பஸ் தரிப்பிடத்துக்கு ஓடினேன். பஸ்ஸில் கால் வைக்கும்போது அவளே திருப்பி எடுத்தாள்.

"பீலித் தண்ணியில துணி தொவைச்சிக்கிட்டு இருந்தேன்க்கா. இங்க இன்னும் தூறல்கூட இல்ல."

இருந்தும் நான் பஸ்ஸிலிருந்து இறங்கவில்லை.