நித்தியகல்யாணிக்கு இன்னொரு பேர்

போன வாரம் அல்லிநகரத்தில் ஒரு நர்சரிக்கு ரோஜாச்செடி வாங்கப் போயிருந்தேன். வரிசையாகத் தொட்டிகளில் இளஞ்சிவப்புப் பூக்கள். "இது என்னம்மா?" என்று தெரியாதவள் போலக் கேட்டேன். "விங்கா மேடம், ஹைபிரிட்" என்றாள் கடைப்பெண். சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தப் பூவைப் பார்த்து முன்பு ஒருமுறை சிரித்தபோது என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

ராயப்பன்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் அது புதராக மண்டிக் கிடந்தது. நான் அறிவியல் டீச்சராகச் சேர்ந்த புதிது. அதற்குள் இரண்டு வரன்கள் வந்து, காப்பி குடித்து, "சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பிப் போயிருந்தார்கள். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை! அம்மாதான் எங்கிருந்தோ நித்தியகல்யாணி நாற்றைக் கொண்டுவந்து நட்டாள். "பேருலயே கல்யாணம் இருக்குல்ல, கெடக்கட்டும்" என்பாள். இதென்ன மூடநம்பிக்கை என்று அப்பா முறைத்தால், மாதா கெபியில் வைக்கப் பூ வேண்டுமே என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

மூன்றாவது வரன் குமுளிப் பக்கம், ஏலத்தோட்டத்தில் வேலை. தாயில்லாத மாப்பிள்ளையை வளர்த்தது அவருடைய அத்தை தெரேசம்மாள். அவர் சொல்லுக்கு அங்கே மறுசொல் இல்லை. பெண் பார்க்க வந்த அன்று வாசலில் கால் வைத்த அத்தை அப்படியே நின்றுவிட்டார்.

"இதென்ன, சவக்கோட்டப்பச்ச! எங்க பக்கம் இதக் கல்லறையிலதான நடுவாக?"

"அக்கா, அது நித்தியகல்யாணி" என்றாள் அம்மா.

"எந்தக் கல்யாணியோ! நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல இதுலயா முழிக்கணும்?"

ஒருவழியாக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். மூன்றாவதும் போயிற்று என்று நினைத்துக்கொண்டே கேசரித் தட்டை நீட்டினேன். "எனக்குச் சுகர் ஆத்தா, வெந்நி மட்டும் குடு" என்றார். கண்ணாடி டம்ளரில் கொடுத்தேன். பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து, சருகு போல எதையோ அதில் போட்டார். கம்பத்தில் நாட்டுமருந்துக் கடையில் வாங்கியதாம். மாத்திரையோடு இதையும் குடித்தால்தான் அவருக்குத் திருப்தி.

சருகு வெந்நீரில் மெல்ல விரிந்தது. ஐந்து இதழ். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"ஏத்தா, வந்தவுக என்ன நெனப்பாக!" என்று அப்பா பல்லைக் கடித்தார்.

அப்போதே உள்ளே ஓடியிருக்க வேண்டும். ஆனால் டீச்சர் வியாதி என்று ஒன்று இருக்கிறதே, விளக்காமல் விடாது. வாசலுக்குப் போய் ஒரு பூவைப் பறித்து வந்து டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். "நீங்க குடிக்கிறதும் இதத்தான் அத்தை."

அத்தை டம்ளரைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைதான் முதலில் வெடித்தார். "அப்ப ரெண்டு வருசமா கல்லறைப் பூவத்தான் குடிச்சிருக்க அத்த!"

"சும்மா கெடடா! கடைக்காரக சுகர்பூன்னுல்ல குடுத்தாக!" என்றார் அத்தை. அதற்குள் அவருக்கும் வயிறு குலுங்கத் தொடங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்து டம்ளரை வைத்தார். "இந்தப் பிள்ளயே போதும். மனசுல வச்சுக்கிடாமச் சொல்லுதுல்ல."

அடுத்த மாதமே கோயில் பூசையில் எங்கள் கல்யாண ஓலை வாசித்தார்கள். அதன் பிறகு அத்தை எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஏலக்காய் கொண்டுவருவார், பை நிறையப் பூப் பறித்துக்கொண்டு போவார்.

அந்த வாசலில் இப்போது தம்பி சிமெண்ட் போட்டு பைக் நிறுத்துகிறான். கல்லறைத் தோட்டத்தில்கூட டைல்ஸ்தான். அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டார். கல்யாணமாகிப் போன நாளிலிருந்து அவர் என்னைப் பேர் சொல்லி அழைத்ததே இல்லை. குமுளிச் சந்தையில் அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும், "ஏ சவக்கோட்ட, இங்கன வா!" என்பார். சனம் திகைத்துப் பார்க்கும். நான் சிரித்துக்கொண்டே போவேன். அப்படிக் கூப்பிட இனி எனக்கு யார் இருக்கிறார்கள்?