துப்பாக்கிக்காரர் வீட்டுப் பூண்டு

எங்கள் மலையூர் பள்ளங்கியில் வந்து பொன்னுவேல் என்று கேட்டால் யோசிப்பார்கள். துப்பாக்கிக்காரர் என்றால் சின்னப் பிள்ளையும் வழி சொல்லும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று அவர் அப்பா காலத்தில் வாங்கிய லைசென்ஸ், அதே பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி. சுட்டதெல்லாம் வானத்தைப் பார்த்துத்தான். அதற்கே மனிதருக்கு அப்படி ஒரு மிதப்பு.

பூண்டு முற்றும் காலத்தில் எங்கள் ஊரில் முறைக்காவல் உண்டு. வீட்டுக்கு ஓர் ஆளாகச் சேர்ந்து, தோட்டம் தோட்டமாகச் சுற்றிக் காட்டுமாடு விரட்டுவோம். துப்பாக்கிக்காரர் தோட்டத்துக்கு மட்டும் போக மாட்டோம். அவருக்கு எதற்கு நாங்கள்? அவரும் கூப்பிட்டதில்லை.

இந்தத் தேர்தலுக்கு, லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பூண்டு பிடுங்க இன்னும் நாள் கிடந்தது. அவர் வீட்டு வருஷச் சாப்பாடே அந்தப் பூண்டுதான். கொடைக்கானல் ஸ்டேஷனுக்குப் போய்க் கெஞ்சிப் பார்த்தார்.

"உங்களுக்குன்னு தனிச் சட்டம் கெடையாதுங்க. ஓட்டு எண்ணி முடிச்சதும் வந்து வாங்கிக்கங்க" என்று துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரமே, பொழுது சாயும் நேரத்தில் காட்டுமாட்டுக் கூட்டம் அவர் வேலியை மிதித்துக்கொண்டு இறங்கியது. மனிதர் டார்ச்சை ஆட்டிக்கொண்டு தனியாக நிற்கிறார். கீழ்த்தோட்டத்தில் நாங்கள் இருக்கிறோம், ஒரு குரல் கொடுக்க அவருக்கு வாய் வரவில்லை. அவர் மனைவி வேலுத்தாய் அக்காதான் என் பேரைச் சொல்லிக் கத்தினார்.

"ஏ மணிமேகல, வெரசா வாங்கடி, பூண்டு போச்சு!"

தகரமும் தீப்பந்தமுமாக ஓடினோம். ஓரத்துப் பாத்திகள் போனதோடு மாடுகள் காடு ஏறின. எனக்கு வந்த ஆத்திரத்தில் கேட்டே விட்டேன்: "ஏண்ணே, எங்களக் கூப்பிட்டா கொறஞ்சா போயிருவீக?"

அவர் மிதிபட்ட வேலியை நிமிர்த்தப் போய்விட்டார். ஆனால் மறுநாள் முறைக்காவலுக்கு முதல் ஆளாக வந்து நின்றார். உம்மணாமூஞ்சி என்று நாங்கள் நினைத்திருந்த மனிதர், சுக்குக்காப்பியைக் குடித்துக்கொண்டு அடித்த அரட்டையில் எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மிச்சப் பூண்டு முழுசாக வீடு வந்து சேர்ந்தது. ஓட்டும் எண்ணி முடிந்தது. ஸ்டேஷனிலிருந்து போன் மேல் போன் வந்தும் அண்ணன் அசையவில்லை.

"போயி வாங்கிட்டு வாங்களேண்ணே, அப்படி என்ன சோலி உங்களுக்கு?" என்றேன்.

பூண்டைக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "அது வீட்டுக்கு வந்துட்டா, நீங்க யாரும் எங்க தோட்டத்துக்கு வரமாட்டீகளே தாயி."

நானும் ஒரு பிடி பூண்டை எடுத்துக் கட்டத் தொடங்கினேன். "துப்பாக்கி இருந்தாலும் வருவோம்ணே."

"வருவீக. இருந்தாலும் அது அங்கயே கெடக்கட்டும்" என்றார். லைசென்ஸும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வர, மறுநாள் வெள்ளனே பஸ் ஏறினார்.